கன்னிமாராவுக்குப் பின்னால் ஓர் அயர்லாந்துப் பெயர்

சென்னை எழும்பூரில் உள்ள கன்னிமாரா பொது நூலகத்தின் பெயரை முதன்முறை கேட்கும் தமிழ்ச் செவிக்கு, ஊர் எல்லையில் வரிசையாக அமர்ந்திருக்கும் கன்னிமார் தெய்வங்கள்தாம் நினைவுக்கு வரும். உண்மையில் அது அயர்லாந்தின் மேற்குக் கரையில், கால்வே மாவட்டத்தில், பாறையும் சதுப்பும் கடலும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து கிடக்கும் ஒரு நிலப்பகுதியின் பெயர். அங்கே வாழ்ந்த பழங்குலம் ஒன்றின் கடலோரக் கிளையைக் குறிக்கும் ஐரிஷ் தொடரிலிருந்து வந்தது. 1886 முதல் 1890 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர், 1887இல் பிரபுப் பட்டம் பெற்றபோது அந்த நிலத்தின் பெயரைத் தம் பட்டத்துக்குச் சூட்டிக்கொண்டார். அதற்கு முன்பு அவர் ராபர்ட் பர்க். நூலகத்துக்கு 1890இல் அவர் அடிக்கல் நாட்டினார். கட்டடம் 1896இல் திறக்கப்பட்டது. இந்தக் கட்டுரை அவரைப் பற்றியதைவிட, அவர் பிறப்பால் பெற்ற அந்தக் குடும்பப்பெயரைப் பற்றியது.

பர்க் என்பது இன்று அயர்லாந்தில் பரவலாக உள்ள பெயர்களில் ஒன்று. ஆங்கிலத்தில் ஓர் எழுத்தைக் கூட்டி (Burke என்பதை Bourke என்று) எழுதுவோரும் உண்டு. மேயோ மாவட்டத்துக் குடும்பங்கள் பலவும் அப்படி எழுதும். எப்படி எழுதினாலும் உச்சரிப்பு ஒன்றே. இவ்வளவு ஐரிஷ் தன்மை ஏறிப்போன இந்தப் பெயர், ஐரிஷ் மொழியில் பிறந்ததன்று. அயர்லாந்தின் பழம்பெயர்கள் முன்னோரைச் சுட்டுபவை. ‘ஓ’ என்று தொடங்கினால் இன்னாருடைய பேரன் வழி; ‘மக்’ என்று தொடங்கினால் இன்னாருடைய மகன் வழி. பெண்ணுக்கு அந்த முன்னொட்டே மாறிவிடும்: அண்ணன் ஓ மாலி என்றால் தங்கை நீ வாலி. பர்க் என்ற பெயரில் இந்த உறவுமுறை எதுவும் இல்லை. அதன் முழு வடிவம் ‘டி பர்க்’, அதாவது ‘பர்க் என்ற ஊரைச் சேர்ந்தவர்’. அந்த ஊர் இங்கிலாந்தின் கிழக்கே நார்ஃபோக் பகுதியில் இருந்தது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. கோட்டை அல்லது மதில் சூழ்ந்த இடத்தைக் குறிக்கும் அந்தச் சொல்தான் எடின்பரோ, ஹாம்பர்க் போன்ற ஊர்ப்பெயர்களின் வாலிலும் இருக்கிறது. ஐரிஷ் மொழி இப்பெயரை ‘டே பூர்கா’ என்று தன் நாவுக்கு ஏற்ப வளைத்துக்கொண்டது. ஆனால் ஊர்ப்பெயர் ஊர்ப்பெயராகவே நின்றதால், ஆணுக்கும் பெண்ணுக்கும் அது ஒன்றுபோலவே இருக்கிறது. ஐரிஷ் மொழியில் எழுதப்பட்ட ஒரு பெண்ணின் பெயரைப் பார்த்தாலே, அவர் குடும்பப்பெயர் உள்ளூரில் முளைத்ததா, கடல் கடந்து வந்ததா என்று பல வேளைகளில் சொல்லிவிடலாம்.

கடல் கடந்து வந்தவர் வில்லியம் டி பர்க். 1185இல் இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றியின் மகன் ஜான் அயர்லாந்துக்குப் படையோடு வந்தபோது உடன் வந்தவர்களில் இவர் ஒருவர். லிமரிக், டிப்பரரிப் பகுதிகளில் இவர் நிலம் பெற்றார். இவருடைய மகன் ரிச்சர்ட், 1230களில் மேற்கு மாநிலமான கனாட்டைப் போரிட்டுப் பிடித்தார். அடுத்த தலைமுறை, வடக்கு மாநிலமான அல்ஸ்டரின் ஏர்ல் என்ற உயர் பிரபுப் பட்டத்தையும் சேர்த்துக்கொண்டது. ‘சிவப்பு ஏர்ல்’ என்று அறியப்பட்ட இன்னொரு ரிச்சர்டின் காலத்தில், நாட்டிலேயே மிகப் பெரிய நிலப்பிரபுக் குடும்பம் இதுதான். அவருடைய மகள் எலிசபெத் 1302இல் ராபர்ட் புரூஸை மணந்து, பின்னர் ஸ்காட்லாந்தின் அரசியானார். அந்தச் சம்பந்தம் மாமனாருக்குச் சங்கடமாக முடிந்தது. 1315இல் புரூஸின் தம்பி எட்வர்ட் அயர்லாந்தின் மீது படையெடுத்தபோது, சிவப்பு ஏர்ல் அவரை எதிர்த்துப் போரிட்டுத் தோற்றார். இருந்தும் மருமகன் பக்கம் சாய்ந்திருப்பாரோ என்று ஐயுற்ற டப்ளின் நகரத்தார் 1317இல் அவரையே பிடித்துச் சிறையில் போட்டார்கள்.

இந்தப் பெயரின் வரலாற்றில் திருப்பம் ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால், அது 1333ஆம் ஆண்டுதான். சிவப்பு ஏர்லின் பேரன் வில்லியம், இருபது வயது இளைஞர், தம் உறவினரான வால்டர் டி பர்க்கைக் கோட்டையில் அடைத்துப் பட்டினி போட்டுச் சாகவிட்டிருந்தார். வால்டரின் சகோதரியை மணந்த குடும்பத்தார் அதை மறக்கவில்லை. 1333 ஜூன் 6ஆம் நாள், இன்றைய பெல்ஃபாஸ்டுக்கு அருகே, தம்முடன் வந்த வீரர்களாலேயே ஏர்ல் வெட்டிக் கொல்லப்பட்டார். அவருக்கு ஒரே குழந்தை. அதுவும் கைக்குழந்தையான ஒரு பெண்.

இங்கேதான் இரண்டு சட்டங்கள் மோதின. ஆங்கிலச் சட்டப்படி, ஆண் வாரிசு இல்லாவிட்டால் மகளுக்குச் சொத்து; மகள் யாரை மணக்கிறாளோ அவனுக்கு அதன் ஆட்சி. அந்தப் பெண்குழந்தை வளர்ந்து, மூன்றாம் எட்வர்ட் அரசரின் மகன் லயனலை மணந்தாள்; அவ்வழியே உரிமை கைமாறிக் கைமாறி, 1461இல் நான்காம் எட்வர்ட் அரியணை ஏறியபோது அல்ஸ்டர் ஏர்ல் பட்டம் ஆங்கில முடியோடு கலந்துவிட்டது. ஐரிஷ் வழக்கமோ வேறு. அங்கே தலைமை என்பது ஆண் உறவினர் வட்டத்துக்குள் வலிமையும் ஆதரவும் உள்ளவனைத் தேடிப் போகும். மகள் வழியாக அயலானுக்குப் போகாது. கனாட்டில் இருந்த டி பர்க் பங்காளிகளுக்கு எந்தச் சட்டம் வசதியாக இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அவர்கள் நிலத்தைத் தம் வசமே வைத்துக்கொண்டு, ஐரிஷ் தலைவர்களைப் போல ‘மக்வில்லியம்’, அதாவது வில்லியத்தின் மகன், என்ற பட்டத்தைச் சூட்டிக்கொண்டார்கள். வடக்கே மேயோவில் ஒரு மக்வில்லியம். தெற்கே கால்வேயில், க்ளான்ரிக்கார்ட் எனப்படும் பகுதியில், இன்னொரு மக்வில்லியம். ஷானன் ஆற்றங்கரையில், அரசப் படையின் கண்ணெதிரே நார்மன் உடையைக் கழற்றி எறிந்துவிட்டு மஞ்சள் ஐரிஷ் அங்கியை அணிந்தார்கள் என்று பிற்காலத்தவர் கதை சொன்னார்கள். கதை எப்படியோ, காரணம் கணக்கு வழக்கில் இருக்கிறது: ஐரிஷ்காரராக மாறினால் சொத்து நிற்கும், ஆங்கிலேயராக நீடித்தால் சொத்து போய்விடும். மொழிப்பற்றும் மண்பற்றும் பிறகு வந்திருக்கலாம். முதலில் வந்தது பாகப்பிரிவினை.

அந்தப் பாகப்பிரிவினையும் சாந்தமாக நடக்கவில்லை. 1338இல், சிவப்பு ஏர்லின் மகன்களில் ஒருவரான எட்மண்டைப் பங்காளியே பிடித்து, கல்லைக் கட்டி, மாஸ்க் ஏரியில் மூழ்கடித்தார். 1366இல் கில்கென்னியில் இயற்றப்பட்ட சட்டங்கள், குடியேறியவர்கள் ஐரிஷ் மொழி பேசுவதையும், ஐரிஷ் உடை அணிவதையும், ஐரிஷ்காரரோடு மணவுறவு கொள்வதையும் தடை செய்தன. பர்க்குகள் போன்றவர்கள் போகும் திசையைக் கண்டு அரசு எவ்வளவு கலங்கியிருந்தது என்பதற்கு அச்சட்டங்களே சான்று. சட்டம் ஏட்டில் இருந்தது. மேயோவிலும் கால்வேயிலும் வாழ்க்கை அதன் போக்கில் போயிற்று.

பெயர் இவ்வளவு பரவியதற்கும் ஐரிஷ் வழக்கமே துணை. திருமணத்துக்கு வெளியே பிறந்த மகனும் தந்தை ஏற்றுக்கொண்டால் மகன்தான், தலைமைக்கும் போட்டியிடலாம். ஒரு தலைவருக்குப் பல மனைவியரும் பல மகன்களும் இருப்பது இயல்பு. 1543இல் எட்டாம் ஹென்றியிடம் நிலத்தை ஒப்படைத்து, அதையே க்ளான்ரிக்கார்ட் ஏர்ல் என்ற ஆங்கிலப் பட்டத்தோடு திரும்பப் பெற்ற உலிக் பர்க், மறு ஆண்டே இறந்துபோனார். அவருக்கு மனைவி என்று உரிமை கோரியவர்கள் மூவர். எவருடைய மகன் முறையான வாரிசு என்று ஆங்கில அரசு தலையைப் பிய்த்துக்கொண்டது. இன்னொரு பக்கம், பர்க் மரபிலிருந்து கிளைத்தவர்கள் பலர் பர்க் என்ற பெயரையே விட்டுவிட்டார்கள். முன்னோரான ஒரு ஜானின் பெயரால் ஜென்னிங்ஸ், ஒரு கில்பர்ட்டின் பெயரால் கிப்பன்ஸ், ஒரு பிலிப்பின் பெயரால் ஃபில்பின் என்று ஆனார்கள். ஆகவே மேயோவில் ஒரு கிப்பன்ஸ், பர்க் இரத்தமாக இருக்கலாம். உலகின் வேறொரு மூலையில் பர்க் என்ற பெயர் தாங்கியவருக்கு அந்த இரத்தத்தில் ஒரு துளிகூட இல்லாமலும் இருக்கலாம்.

பதினாறாம் நூற்றாண்டில் மேயோ பர்க்குகளின் பெயர் வெளியே தெரிவது பெரும்பாலும் ஒரு பெண்ணால். கடலோடித் தலைவி கிரான்யா நீ வாலி, ஆங்கிலத்தில் கிரேஸ் ஓ மாலி, இரண்டாவதாக மணந்தது ‘இரும்பு ரிச்சர்ட்’ என்ற பர்க்கை. ஓராண்டுக்கு மணந்து பார்த்துவிட்டு, கணவரின் ராக்ஃப்ளீட் கோட்டைக் கதவை அடைத்துக்கொண்டு, மேலிருந்தபடியே உறவை முறித்ததாக அறிவித்தார் என்பது அப்பகுதி மக்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. ஆவணங்கள் அவ்வளவு சுவையாக இல்லை. கணவன் சாகும்வரை இருவரும் சேர்ந்தே செயல்பட்டதைத்தான் அவை காட்டுகின்றன. மகன் திபாட்டை ஆங்கில ஆளுநர் சிறைப்பிடித்தபோது, 1593இல் கிரான்யா லண்டனுக்குக் கப்பலேறி முதலாம் எலிசபெத்தையே நேரில் கண்டு முறையிட்டார். அந்தத் திபாட், 1601இல் ஐரிஷ் தலைவர்களை ஆங்கிலேயர் முறியடித்த கின்சேல் போரில் ஆங்கிலேயர் பக்கம் நின்றார். க்ளான்ரிக்கார்ட் ஏர்லும் அதே பக்கம். ஆனால் 1595இல் வடக்கத்திய ஐரிஷ் தலைவர் ஓ டானலின் ஆதரவோடு மேயோவின் மக்வில்லியமாக முடிசூடியிருந்த இன்னொரு திபாட் பர்க், எதிர்ப்பக்கம் நின்று, ஸ்பெயினுக்குத் தப்பி ஓடினார். வென்ற திபாட் 1627இல் மேயோவின் விஸ்கவுண்ட் ஆனார். ஒரே போரில், ஒரே பெயர், ஒரே கிளையில், இரு அணிகள். இது பர்க் வரலாற்றில் விதிவிலக்கு அன்று, ஏறக்குறைய விதி.

புகழில் இவர்கள் எல்லாரையும் மிஞ்சியவர் இந்தப் பிரபு மாளிகைகளில் பிறக்கவில்லை. எட்மண்ட் பர்க் 1729இல் டப்ளினில் ஒரு வழக்கறிஞரின் மகனாகப் பிறந்தார். தந்தை அரசுத் திருச்சபையைச் சேர்ந்தவர். தாய் கார்க் பகுதிக் கத்தோலிக்கக் குடும்பத்தவர். லண்டன் நாடாளுமன்றத்தில் அமெரிக்கக் குடியேற்றங்களுக்காகவும் அயர்லாந்துக் கத்தோலிக்கரின் உரிமைக்காகவும் பேசியவர், 1790இல் பிரெஞ்சுப் புரட்சியைக் கடுமையாகச் சாடி எழுதிப் பழைமைவாதச் சிந்தனையின் தந்தையாக எண்ணப்படுபவர். வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது அவர் நடத்திய குற்ற விசாரணை 1788இல் தொடங்கி 1795இல் ஹேஸ்டிங்ஸின் விடுதலையில் முடிந்தது. இவை யாவும் பாடப்புத்தகங்களில் உள்ளவை. நாம் அதிகம் படிக்காத ஒன்று, 1785 பிப்ரவரி 28 அன்று ஆற்காட்டு நவாப்பின் கடன்கள் குறித்து அவர் ஆற்றிய உரை.

நவாப் முகமது அலி வாலாஜா, கம்பெனி ஊழியர்களிடம் கொள்ளை வட்டிக்கு வாங்கிய கடன்களை எல்லாம், எது மெய் எது பொய் என்று விசாரிக்காமலே கர்நாடகப் பகுதியின் வருவாயிலிருந்து அடைத்துவிட அமைச்சரவை உத்தரவிட்டிருந்தது. கடன் கொடுத்தவர்களில் தலையாயவரான பால் பென்ஃபீல்ட் போன்றோருக்கு அது பொற்குவியல். பர்க் அதை எதிர்த்து நின்றபோது கையில் எடுத்துக்கொண்டது செங்கல்பட்டு ஜாகீரின், அதாவது நவாப் கம்பெனிக்கு அளித்த நிலப்பகுதியின், நில அளவை வரைபடம். அந்த ஒரு வரைபடத்தில் உள்ள ஏரிகளையும் குளங்களையும் தாமே உட்கார்ந்து எண்ணியதாகவும், இரண்டு மூன்று ஏக்கர் குளம் முதல் ஐந்து மைல் சுற்றளவுள்ள ஏரி வரை 1,100க்கு மேல் வந்ததாகவும் அவையில் சொன்னார். கர்நாடகத்திலும் தஞ்சாவூரிலும் பெரியதும் நடுத்தரமுமாகப் பத்தாயிரத்துக்குக் குறையாது என்றார். இவை, குடிகளுக்குத் தந்தையாக இருந்த மெய்யான அரசர்கள் விட்டுச்சென்ற நினைவுச்சின்னங்கள் என்றார். 1780இல் ஹைதர் அலியின் படையெடுப்பால் பாழான நாட்டில் கரைகளையும் மதகுகளையும் சீராக்கச் செல்ல வேண்டிய பணம், வட்டிக்காரர் பைக்குப் போகிறது என்பதுதான் வாதத்தின் சாரம். தமிழ் நிலத்தை வாழ்நாளில் ஒருமுறையும் கண்டிராத ஒருவர், லண்டனில் அமர்ந்து செங்கல்பட்டு ஏரிகளை விரல்விட்டு எண்ணினார் என்பதை நினைத்துப் பார்க்கச் சற்று வியப்பாகவே இருக்கிறது.

இதில் ஒரு சிறு உறுத்தலும் உண்டு. எட்மண்டின் உயிர் நண்பர் வில்லியம் பர்க், தஞ்சை மராட்டிய மன்னர் துளஜாஜியின் முகவராக இருந்தவர், சென்னைக்கு வந்துபோனவர். நவாப்பும் தஞ்சை மன்னரும் எதிரிகள். ஆகவே நவாப்பின் கடன்காரர்களை எட்மண்ட் தாக்கியதில் நண்பரின் நலனும் கலந்திருந்தது என்று எதிரிகள் பேசினார்கள். இருவரும் ஒருவரையொருவர் உறவினர் என்றே சொல்லிக்கொண்டார்கள். ஆனால் அந்த உறவு எந்த வழியில் என்று தெளிவாகக் காட்டியவர் இல்லை. பெயர் ஒன்றாக இருந்தது. அதுவே உறவுக்குப் போதுமானதாகவும் இருந்தது போலும்.

இன்னொரு வில்லியம் பர்க்கைப் பற்றி எந்தப் பர்க்கும் பெருமை பேச மாட்டார். டிரோன் பகுதியிலிருந்து எடின்பரோவுக்குக் கூலி வேலைக்குப் போன இவர், வில்லியம் ஹேர் என்பவரோடு சேர்ந்து 1828இல் பதினாறு பேரைக் கொன்று, உடல்களை உடற்கூறு வகுப்பு நடத்திய டாக்டர் ராபர்ட் நாக்ஸிடம் விற்றார். உடலில் காயம் தெரியாதபடி மூச்சை அடைத்துக் கொல்வதுதான் முறை. ஹேர் அரசுச் சாட்சியாகித் தப்பினார். பர்க் 1829 ஜனவரி 28 அன்று தூக்கிலிடப்பட்டு, அவருடைய உடலும் அறுத்துப் பார்க்கப்பட்டது. எலும்புக்கூடு எடின்பரோ பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. அதோடு குடும்பப்பெயர் ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லாகவும் ஆயிற்று: முதலில் மூச்சடைத்துக் கொல்வதற்கு, பிறகு ஒரு கேள்வியையோ விவாதத்தையோ வெளியே தெரியாமல் அமுக்குவதற்கு. நாடாளுமன்றப் பேச்சாற்றலின் சிகரமாகக் கருதப்படும் ஒருவரின் பெயரே விவாதத்தை அமுக்கும் வினைக்கும் பெயரானதை என்னென்பது!

ஆஸ்திரேலியாவில் இப்பெயர் நிலப்படத்திலேயே ஏறிவிட்டது. நியூ சவுத் வேல்ஸ் ஆளுநராக 1831 முதல் 1837 வரை இருந்த ரிச்சர்ட் பர்க், எட்மண்டின் உறவினர். மெல்போர்னுக்கு அப்பெயரைச் சூட்டியவரும் அவரே. அந்நகரின் பர்க் தெரு அவர் பெயரால் அமைந்தது. ஆங்கில எழுத்துகளை உற்றுப் பாராதவர்கள், அதே மெல்போர்னிலிருந்து புறப்பட்ட இன்னொரு பர்க்கோடு அவரைக் குழப்பிக்கொள்வதுண்டு. கால்வேக்காரரான ராபர்ட் ஓ ஹாரா பர்க், 1860 ஆகஸ்ட் 20 அன்று, கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடக்கும் குழுவை நடத்திச் சென்றார். அதற்கென்றே இந்தியாவிலிருந்து கப்பலில் இருபத்துநான்கு ஒட்டகங்களும் அவற்றைப் பராமரிக்கும் ஆட்களும் வந்திருந்தனர். வடக்குக் கரையை ஏறக்குறைய எட்டிவிட்டு, குற்றுயிராக கூப்பர்ஸ் கிரீக் முகாமுக்குத் திரும்பியது 1861 ஏப்ரல் 21 மாலையில். நான்கு மாதம் காத்திருந்த துணைக்குழு அன்று காலையில்தான் கிளம்பிப் போயிருந்தது. மரத்தில் செதுக்கியிருந்த ‘தோண்டு’ என்ற சொல்லைப் பார்த்துத் தோண்டிச் சிறிது உணவை எடுத்தார்கள். இரண்டு மாதங்களுக்குச் சற்றுப் பின்னர் பர்க்கும் துணைவர் வில்ஸும் இறந்தார்கள். அப்பகுதிப் பழங்குடியினரின் தயவால் பிழைத்தவர் ஜான் கிங் ஒருவரே.

இனி, கன்னிமாராவின் குடும்பம். மேயோ ஏர்ல் குடும்பத்தில் பிறந்த அண்ணன் தம்பியருள் மூத்தவர் ரிச்சர்ட், 1866 முதல் 1868 வரை அயர்லாந்தின் தலைமைச் செயலர். 1867இல் ஃபீனியன் புரட்சியாளர்கள் ஆங்கில ஆட்சிக்கு எதிராக எழுந்தபோது அதை அடக்கும் பொறுப்பு அவருடையது. அதே ஆண்டில், அந்த இயக்கத்துக்கு ஆயுதம் சேர்த்ததற்காக லண்டன் கிளார்க்கன்வெல் சிறையில் அடைபட்டிருந்தவர் ரிக்கார்ட் ஓ சலிவன் பர்க். அவரை மீட்கவென்று டிசம்பரில் தோழர்கள் சிறைச் சுவருக்கு வைத்த வெடி, அக்கம்பக்கத்து வீடுகளில் இருந்த பலரைக் கொன்றது. அவர் மட்டும் வெளியே வரவில்லை. சிறைக்குள் ஒரு பர்க், சிறையை நடத்தும் ஆட்சியில் இன்னொரு பர்க்.

ரிச்சர்ட் 1869இல் மேயோ பிரபுவாக இந்தியாவின் வைசிராய் ஆனார். 1872 பிப்ரவரி 8 அன்று அந்தமானில், ஹாரியட் மலையிலிருந்து சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு இருட்டில் படகுத்துறைக்கு இறங்கி வந்தபோது, ஷேர் அலி என்ற கைதி அவரைக் கத்தியால் குத்திக் கொன்றார். பத்தாண்டு கழித்து, 1882 மே 6 அன்று, டப்ளின் ஃபீனிக்ஸ் பூங்காவில் அயர்லாந்து நிர்வாகத்தின் நிரந்தரச் செயலர் தாமஸ் ஹென்றி பர்க்கும் கத்தியால்தான் கொல்லப்பட்டார். அவர் கால்வேயின் பழைய பர்க் கிளை ஒன்றில் பிறந்த கத்தோலிக்கர். கொலையாளிகளின் குறி அவரே, உடன் வந்த புதிய அமைச்சர் கேவண்டிஷ் தற்செயலாக மாட்டிக்கொண்டவர். இளையவர் ராபர்ட்டுக்கு நேர்ந்தது உயிராபத்து அன்று, அவப்பெயர்: டல்ஹௌசி பிரபுவின் மகளான மனைவி தொடுத்த மணமுறிவு வழக்கோடு 1890இல் சென்னைப் பதவி முடிந்தது. அவருக்கு வாரிசு இல்லாததால், 1902இல் அவர் மறைவோடு பட்டமும் மறைந்தது. அந்தப் பெயர் இன்று நாள்தோறும் புழங்குவது எழும்பூர்ப் பேருந்துகளில்தான்.

யார் எந்தக் கிளை என்று அறிய விரும்பும் பிரபுக் குடும்பங்கள் புரட்டும் நூல், 1826இல் முதலில் வெளிவந்த பர்க்கின் பிரபுக்கள் பட்டியல். தொகுத்த ஜான் பர்க், டிப்பரரிக் குடும்பத்தவர். அவருடைய மகன் பெர்னார்ட் பின்னர் அயர்லாந்தின் அரச மரபுச் சின்ன அதிகாரியாகவே ஆனார். மற்றவர் வம்சாவளியைச் சான்றளிப்பவர்களும் பர்க்குகளாக அமைந்தது பொருத்தமாகத்தான் இருக்கிறது. க்ளான்ரிக்கார்ட் குடும்பமோ பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பர்க்கை உதறிவிட்டுப் பழைய ‘டி பர்க்’ வடிவத்துக்கே திரும்பியது. அதன் கடைசி மார்க்விஸ், கால்வேயில் 50,000 ஏக்கருக்கு மேல் வைத்துக்கொண்டு, லண்டனில் இருந்தபடியே குத்தகைக்காரர்களை வெளியேற்றுவதில் பெயர் பெற்றவர். 1886இல் உட்ஃபோர்டில் நடந்த வெளியேற்றங்கள் நாடெங்கும் கொதிப்பை எழுப்பின. ஐந்து நூற்றாண்டுக்கு முன் நிலத்துக்காக ஐரிஷ்காரரான மரபு, நிலத்தோடு சேர்த்து ஐரிஷ் பெயரையும் கழற்றி வைத்தது போல இருந்தது அது. 1916இல் அவர் வாரிசின்றி இறந்தார்.

மேயோவில் பெயர் வேறு விதமாகத் தொடர்ந்தது. பழைய மக்வில்லியம்களின் நிலத்தில், பாலினா என்ற ஊரில், மருத்துவர் குடும்பம் ஒன்றில் 1944இல் மேரி பர்க் பிறந்தார். சட்டம் படித்து, செனட்டில் இருந்து, 1990இல் அயர்லாந்தின் முதல் பெண் குடியரசுத் தலைவரானார். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே ராபின்சன் என்பவரை மணந்து கணவர் பெயரை ஏற்றிருந்ததால், அந்நாட்டுக் குடியரசுத் தலைவர்களின் பட்டியலில் பர்க் என்ற பெயரைத் தேடுபவருக்கு அது கிடைக்காது.